கடையில்லா முகங்களும் முகமில்லாக் கடைகளும்

ஒரு நகரின் பழமையை அறிய விரும்புவோர் அதன் கோயிலையும் பள்ளிவாசலையும் அரசாங்கக் கட்டடங்களையும் நாடிச் செல்வர். அதன் பிழைப்பை அறிய விரும்புவோரோ கடைத்தெருவுக்குத்தான் செல்லவேண்டும். கோயில் ஒருமுறை எழும்பினால் நெடுங்காலம் கோயிலாகவே நிற்கும். கடை அப்படியன்று. நேற்றுத் துணிக்கடையாக இருந்தது இன்று கைத்தொலைபேசிக் கடையாகிறது. நாளை பூட்டிக் கிடக்கிறது. மறுநாள் வேறொருவர் வந்து வண்ணம் பூசுகிறார். ஆதலால் கடைக்கட்டடத்தை நிழற்படத்தில் பதிவு செய்து வைப்பது மற்றக் கட்டடங்களைப் பதிவு செய்வதினும் அரிய வேலையாகும். அண்மைக் காலத்தில் மலேசியாவின் சிறு நகரங்களில் இவ்வேலையில் ஈடுபட்டோர் தொகை பெருகியிருக்கிறது. விடுமுறை நாட்களில் கருவியோடு பழைய கடைத்தெருக்களைச் சுற்றிவரும் இளைஞர்களை நாம் எங்கும் காண்கிறோம். அவர்களுடைய ஊக்கம் பாராட்டத்தக்கது. ஆயினும், அவர்கள் எடுக்கும் படங்களில் எது விழுகிறது, எது விழாமற் போகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். தமிழர்களாகிய நமக்கு அந்த எண்ணம் சற்று அவசரமாகவே தேவைப்படுகிறது.

ஆராய்ச்சிக்கு ஓர் ஊர் வேண்டும். ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாமை எடுத்துக்கொள்வோம். கெக் லோக் சி கோயிலால் பெயர் பெற்ற பினாங்கு ஆயர் ஈத்தாம் வேறு. அதனையும் இதனையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. இது பத்து பகாட் மாவட்டத்தில், மலாய்மொழியில் ‘கறுப்பு நீர்’ என்று பொருள்படும் பெயரோடு, இரண்டு பெருஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் அமைந்த சிற்றூர். ஒன்று, ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் நோக்கிச் செல்லும் பழைய 1ஆம் எண் கூட்டரசுச் சாலை. மற்றொன்று, மேற்கே பத்து பகாட்டையும் கிழக்கே குளுவாங், மெர்சிங் ஆகிய ஊர்களையும் இணைக்கும் 50ஆம் எண் சாலை. ஜொகூர் பாருவிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வண்டியோட்டிக்குத் தேநீர் நினைவும் பயணிகளுக்குப் பசியும் ஒன்றாக வரும் தொலைவு. வடக்கே போனவரும் தெற்கே போனவரும் பல்லாண்டுகளாகப் பேருந்தை நிறுத்திப் பசியாறிய ஊர் இது. பீங்கான் சாடிகளையும் பூந்தொட்டிகளையும் கிழங்கு வறுவலையும் சாலையோரத்தில் அடுக்கி வைத்து விற்கும் கடைகள் இங்கே பெயர் பெற்றன. சாலை கொண்டுவந்த கூட்டமே அவற்றின் முதல்.

1994இல் வடக்கு–தெற்கு விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. தொலைதூர வாகனங்கள் அதில் ஏறிக்கொண்டன. விரைவுச்சாலையிலேயே ஓய்விடங்களும் சாப்பாட்டுக் கடைகளும் அமைந்தன. பழைய சாலையில் நின்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. அதனால் ஆயர் ஈத்தாம் பாழடைந்துவிட்டது என்று யாரேனும் கருதினால் அது தவறு. விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வழி ஒன்று இவ்வூருக்கென்றே இருக்கிறது. குளுவாங்குக்கும் பத்து பகாட்டுக்கும் செல்வோர் அவ்வழி இறங்கி இவ்வூரைத் தொட்டே போகின்றனர். பத்து பகாட் போகும் வழியில் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர் போக்குவரத்தும் உண்டு. ஆக, வேறு வழியின்றி நின்றவர்களின் ஊர், விரும்பினால் நிற்பவர்களின் ஊராக மாறியது. இம்மாற்றம் கடையின் சரக்கிலும், திறக்கும் நேரத்திலும், பெயர்ப்பலகையிலும் தெரியும். சுவரில் தெரியாது.

இங்கேதான் நிழற்படக்காரரின் இடர்ப்பாடு தொடங்குகிறது. அவர் ஊருக்குள் வரும்போதே பாழைத் தேடிக்கொண்டு வருகிறார். உரிந்த சுண்ணாம்பு, துருவேறிய இரும்புக் கம்பிக்கதவு, வெயிலில் வெளுத்த எழுத்து, நாற்காலியில் உறங்கும் பூனை ஆகியவை அவர் கண்ணுக்கு விருந்து. செந்நிறச் சுவரொன்று அகப்பட்டால், அதன் முன்னே மிதிவண்டியில் ஒரு முதியவர் கடந்து செல்லும்வரை காத்திருந்து படமெடுப்பதும் உண்டு. இவ்வகைப் படங்கள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. அந்த முதியவர் யார், எந்தக் கடைக்கு எதை வாங்கப் போகிறார் என்று அவற்றின் கீழே ஒரு வரி எழுதியிருக்கக் காண்பது மிக அரிது. சுவருக்கு வயதாகியிருக்கிறது என்பதைக் காட்ட அவரும் ஒரு சான்றாகிவிடுகிறார்; அவ்வளவே அவருக்குக் கிடைக்கும் மதிப்பு.

பாழைத் தேடும் கண் எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதற்கு ஒரு சான்று கூறலாம். மலேசியாவின் பல சிறுநகரங்களில் பழைய கடைவீடுகளின் மேல்மாடிச் சன்னல்கள் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கும். சிறு துளைகள் மட்டும் இருக்கும். ஆள் நடமாட்டம் இராது. படமெடுப்பவர் ‘கைவிடப்பட்ட கட்டடம்’ என்று குறித்துக்கொள்வார். உண்மையில் அங்கே நடப்பது பறவைக்கூட்டுத் தொழில். மலாய்மொழியில் வாலிட் எனப்படும் குருவிகளை, அவற்றின் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஒலித்து உள்ளே வரவழைக்கிறார்கள். அவை எச்சிலால் கட்டும் கூடு சீனர் உணவில் உயர்ந்த விலைக்குப் போகும் பொருள். கீழே மளிகைக் கடை நடந்த காலத்தில் கிடைத்த வாடகையைவிட மேலே குருவி கொடுக்கும் வருமானம் பெரிதாக இருத்தலும் கூடும். ஆகவே அக்கட்டடம் செத்துப்போகவில்லை. மனிதரை வெளியேற்றிவிட்டு நன்றாகவே பிழைத்துக்கொண்டிருக்கிறது. அடைத்த சன்னலைக் காட்டும் படம் இரண்டு நிலைகளையும் ஒன்றாகவே காட்டும். ஒலி படத்தில் விழாது. விளக்க வேண்டியது குறிப்பு. அந்தக் குறிப்பைத்தான் பெரும்பாலோர் எழுதுவதில்லை.

இனிக் கடைவீட்டின் அமைப்பைச் சற்று நோக்குவோம். 1822இல் சிங்கப்பூர் நகரை வகுத்தபோது, ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட நடைவழி ஒன்று தெரு நெடுகத் தொடர்ந்து செல்லவேண்டுமென்று ராபிள்ஸ் விதித்தார். அவ்வழக்கம் தீபகற்பத்து நகரங்களுக்கும் பரவியது. அதனை நம்மவர் ஐந்தடி என்றும், பேச்சில் அஞ்சடி என்றும் சொல்வர். கீழே கடை, மேலே வீடு, முன்னே ஐந்தடி: இதுவே கடைவீடு. மேல்மாடத்தில் சுதை வேலைப்பாடு இருக்கும். கட்டடத்தின் நெற்றியில் பல இடங்களில் கட்டிய ஆண்டும், கட்டியவரின் குடும்பப் பெயரோ கடைப் பெயரோ பொறிக்கப்பட்டிருக்கும். பார்க்க அழகானது, படத்துக்கு ஏற்றது, எதிர்வரிசையில் நின்று கருவியைச் சற்று உயர்த்தினால் வாகனங்களின் இடையூறும் இல்லாமல் தூய்மையாக விழும். எனவே படநூல்களிலும் கண்காட்சிகளிலும் மேல்மாடமே ஆட்சி செய்கிறது.

மேல்மாடம் யாரைச் சொல்கிறது? கட்டடச் சொந்தக்காரரைச் சொல்கிறது. கட்டுவதற்குப் பணம் இருந்தவர், பெயர் பொறிக்க உரிமை இருந்தவர் அவர். சிறுநகரக் கடைத்தெருக்களில் அவர் பெரும்பாலும் சீனராக இருந்தார். தமிழர் பெரும்பாலும் வாடகைக்கு வந்தவர்கள். அவர்களில் மளிகை வைத்தவர் உண்டு. துணி விற்றவர் உண்டு. முடிதிருத்தியவர், நகை செய்தவர், சாப்பாட்டுக் கடை நடத்தியவர், பத்திரிகையும் வெற்றிலையும் விற்றவர் உண்டு. ஐந்தடியிலேயே ஒட்டுக்கடை போட்டுப் பூமாலை கட்டி விற்றவரும் உண்டு. இவர்கள் விட்டுச்செல்லும் அடையாளம் கட்டடத்தின் நெற்றியில் ஏறுவதில்லை. அது தலைக்குமேல் தொங்கும் பலகையில் இருக்கிறது; தூணில் எழுதிய பெயரில் இருக்கிறது; கயிற்றில் கவ்வி போட்டுத் தொங்கவிட்ட வார இதழ்களில் இருக்கிறது; கல்லாவுக்குப் பின்னே மாட்டிய சாமி படத்திலும், அதற்கு வைத்த சிவப்பு விளக்கிலும் இருக்கிறது. இவை எல்லாம் தரையிலிருந்து எட்டு, பத்தடி உயரத்துக்குள் அடங்கியவை. கருவியை உயர்த்தும் தோறும் சொந்தக்காரர் படத்துக்குள் வருகிறார். வாடகைக்காரர் படத்தின் கீழ்விளிம்பில் அறுபட்டு வெளியே போகிறார். இதில் யாருடைய உள்நோக்கமும் இல்லை. அழகு எங்கே இருக்கிறதோ அங்கே கண் போயிற்று, அவ்வளவுதான். ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து அப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் இந்நகரங்களின் வரலாற்றை எழுத முற்பட்டால், தமிழர் இங்கே கடை வைத்திருந்தனர் என்பதற்குச் சான்று தேடி அலையவேண்டி வரும்.

இது மிகைக் கூற்றன்று. கித்தங்கியை எண்ணிப் பாருங்கள். நகரத்தார் இந்நாட்டில் வட்டித்தொழில் நடத்திய கித்தங்கி வெளியிலிருந்து பார்க்க மற்றக் கடைவீடுகளைப் போன்றதே. உள்ளே நீண்ட கூடம். அதில் பல நிறுவனங்களுக்கு அடுத்தடுத்து இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பெட்டி, அதன் முன்னே தரையில் விரிப்பு, கணக்குப் பேரேடுகள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். பெரிய அறிவிப்புப் பலகைக்கு அவசியமில்லை. கடன் வேண்டியவர் தாமாகவே தேடிவந்தார். ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் எழுந்த காலத்தில் பெருந்தொகைகள் கைமாறிய இடங்கள் இவை. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் வரிசையாக இருந்த கித்தங்கிகள் நகரச் சீரமைப்பில் இடிபட்டு மறைந்தன. அங்கே இப்போது உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. முகப்பை மட்டும் எடுத்த படத்தில் கித்தங்கியும் பக்கத்துச் சாமான் கடையும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கும். உள்ளே புகுந்து எடுத்த ஒரு மங்கலான படம், வெளியே நின்று எடுத்த பத்து நேர்த்தியான படங்களைவிட அதிகம் பேசும்.

சட்டத்தின் வரலாறும் இதனையே உறுதிப்படுத்துகிறது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31ஆம் நாளுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்தது. பழைய கடைத்தெருக்களில் சிறு வாணிகர் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருந்தமைக்கு இது ஒரு பெருங்காரணம். 1997இல் அச்சட்டத்தை நீக்க மற்றொரு சட்டம் நிறைவேறியது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு அடியோடு இல்லாமற் போயிற்று. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரிந்தது. வாடகை ஏறியது, பழைய குடித்தனக்காரர்களும் சிறு தொழில் செய்தோரும் வெளியேறினர். பின்னர் 2008இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் உலக மரபுரிமை நகரங்களாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டன. முகப்புகள் செப்பனிடப்பட்டன. சுதைவேலை புதுப்பொலிவு பெற்றது. இப்போது 1995இல் எடுத்த முகப்புப் படத்தையும் 2015இல் எடுத்த முகப்புப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், ‘ஆகா, எவ்வளவு நன்றாகக் காத்திருக்கிறார்கள்’ என்பார். கட்டடம் காக்கப்பட்டது மெய். அதற்குள் வாழ்ந்த தொழில் போய்விட்டது. படமோ மாற்றமே இல்லை என்று சாதிக்கிறது. முகப்புப் படம் சில சமயங்களில் குறைவாகச் சொல்வதோடு நில்லாமல் தவறாகவும் சொல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மேல்நாட்டுக் கலைஞர் சிலரை நம் இளைஞர்கள் முன்மாதிரியாகக் கொள்கின்றனர். அவர்களுள் ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதியரின் செல்வாக்கு மிகப்பெரிது. அவர்கள் 1959 முதல் நீர்த்தொட்டிக் கோபுரங்களையும் உலைகளையும் சுரங்க அமைப்புகளையும் மேகமூட்டமான வானத்தின் கீழ், நேர் எதிரில் நின்று, ஆள் ஒருவரும் விழாமல் படமெடுத்து, ஒரே அளவில் வரிசைப்படுத்தி வைத்தனர். 1990இல் வெனிஸ் கலைவிழாவில் அவர்களுக்குச் சிற்பத்துக்கான பரிசு கிடைத்தது. அவர்கள் படங்களில் அக்கட்டடங்கள் சிற்பங்களாகவே நிற்பதால் அது பொருத்தமே. நீர்த்தொட்டிக்கு வாடகைக்காரர் இல்லை. ஆதலால் அம்முறை அதற்குப் பொருந்தும். அதே முறையைக் கடைவீட்டுக்குப் பொருத்தி, வெள்ளிக்கிழமை பிற்பகல் கதவடைத்த நேரம் பார்த்துப் பத்துக் கடைகளை எடுத்து ஒரே சட்டத்தில் மாட்டுவோர் நம்மிடையே இருக்கின்றனர். நேர்த்தியாகத்தான் இருக்கிறது. மூடிய கடை என்பது பாதிக் கடை என்பதை மட்டும் அவர்கள் மறந்துவிட்டனர்.

பாரிஸ் நகரின் பழைய தெருக்களை எடுத்த யூஜீன் அட்ஜே (1857–1927) இவர்களுக்கு முற்பட்டவர். அவர் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஓவியர்களுக்கு வேண்டிய ஆவணங்களை விற்பவர் என்றே விளம்பரப்படுத்திக்கொண்டார். நூலகங்களும் அவரிடம் வாங்கின. கடைமுகப்புகளை அவர் ஏராளமாக எடுத்தார். முகவரியைக் குறித்து வைத்தார். 1908இல் அவர் எடுத்த ‘ஓ தாம்பூர்’ என்னும் மதுக்கடையின் படத்தில் கதவுக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இருவர் அவரையே உற்றுப் பார்க்கின்றனர். அவர்களை வெளியே போகச் சொல்ல அட்ஜேக்குத் தோன்றவில்லை. கடையென்றால் அதற்குள் ஆள் இருப்பார் என்பது அவருக்கு இயல்பாகப் பட்டிருக்கவேண்டும். அழகைவிட முகவரிக்கு முதலிடம் கொடுத்த அந்த மனநிலையே அப்படங்களை இன்று வரை வாழவைக்கிறது என்பது என் துணிபு.

நம் பக்கத்திலும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் மார்ஜரி டாகெட் அம்மையார் 1957இல் நகரக் கட்டடங்களைப் பற்றி ஒரு படநூல் வெளியிட்டார். இடித்துத் தள்ளும் அவசரம் தொடங்குவதற்கு முன்பே இவற்றைப் பதிவு செய்யவேண்டும் என்று உணர்ந்தவர் அவர். எனினும் அந்நூலில் மேலோங்கி நிற்பவை பெருங்கட்டடங்கள். கடைத்தெரு அங்கே முதன்மைப் பாத்திரமன்று. கட்டடக் கலைஞர் லீ கிப் லின் (1925–2011) இக்குறையைப் பெரிதும் போக்கினார். இடிபடவிருந்த வரிசைகளையும் அவர் எடுத்து வைத்தார். அவருடைய தொகுப்பு 2009இல் சிங்கப்பூர் தேசிய நூலகத்துக்கு வழங்கப்பட்டது. மறைந்துபோன தெருக்களை இன்று நாம் கண்ணால் காண முடிவது அத்தகைய தொண்டினால்தான். ஆயினும் கட்டடக் கலைஞரின் கண் கட்டடத்தைப் பார்க்கும்; வாணிகத்தைப் பார்க்க வேறொரு கண்ணும் வேண்டும்.

அந்த வேறொரு கண் சிலி நாட்டில் 1944இல் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கமிலோ ஹோசே வெர்காராவிடம் இருந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கிழக்கு 125ஆம் தெரு 65ஆம் எண் கட்டடத்தை அவர் 1977 முதல் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சென்று படமெடுத்தார். முதற்படத்தில் அது இரவுக் கேளிக்கை விடுதி. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கடைகள் அதில் வந்து போகின்றன; ஒரு காலத்தில் மெத்தை விற்கிறார்கள். ஒவ்வொரு படமும் தனியே பார்த்தால் சாதாரணப் படமே. யாரும் சட்டம் போட்டு மாட்டமாட்டார்கள். வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு சமுதாயத்தின் ஏற்றமும் தாழ்வும் தெரிகிறது. கடைக்கட்டடத்தைப் படமெடுப்பதில் கலை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், திரும்பிச் செல்வதில் இருக்கிறது என்பேன். நம்மவர் ஒருமுறை வந்து, ஒரு நாளில் மூன்று ஊர்களை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஆயர் ஈத்தாமைப் போன்ற சாலைச் சந்திப்பு ஊருக்கு இன்னொரு முறையும் பொருந்தும். எட் ருஷே என்னும் அமெரிக்கக் கலைஞர் 1966இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சன்செட் சாலையில் ஒரு பகுதியின் எல்லாக் கட்டடங்களையும், ஓடும் வாகனத்தில் கருவியைப் பொருத்தி எடுத்து, மடித்து மடித்து வைக்கக்கூடிய ஒரே தாளாக வெளியிட்டார். விரித்தால் ஏறத்தாழ 25 அடி நீளம். மேலே ஒரு வரிசை, கீழே எதிர்வரிசை, கட்டடங்களின் கீழே வீட்டெண்கள். இதில் தனியழகு எந்தக் கட்டடத்துக்கும் இல்லை. ஆனால் சாலை இருக்கிறது. ஆயர் ஈத்தாமின் கடை எதற்காக அங்கே நிற்கிறது என்பதற்கு விடை சாலையே அல்லவா? சாடிகளை வண்டியோட்டியின் கண்ணில் படும்படி அடுக்கியிருப்பதும், பெயர்ப்பலகையைப் போகும் வாகனத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதியிருப்பதும், வண்டி நிறுத்த முன்னே இடம் விட்டிருப்பதும் சாலைக்காகவே. எதிரே நின்று ஒரு கடையை மட்டும் தனியே பிடுங்கியெடுத்துக் காட்டும் படத்தில் இந்த உறவு அறுந்துபோகிறது. மரத்தை வேரின்றி வரைவது போன்றது அது.

பெரிய நகரத்துக் கடைத்தொகுதிகளைப் பற்றி விரிவாகக் கூறவேண்டியதில்லை. கோலாலம்பூரில் 1973இல் திறக்கப்பட்ட அம்பாங் பார்க், நாட்டின் முதல் பேரங்காடி எனப் பெயர் பெற்றது. சுரங்க ரயில் நிலையத்துக்காக 2017 முடிவில் மூடப்பட்டுப் பின் இடிக்கப்பட்டது. மூடுகிறார்கள் என்ற செய்தி வெளிவந்ததும் கருவியோடு சென்றவர்கள் பலர். சாவு வீட்டுக்குப் போவதுபோல் கடைசி நாளில் போவது நம் வழக்கமாகிவிட்டது. ஆனால் அங்கே முப்பது, நாற்பது ஆண்டுகள் கடை நடத்தியவர்கள் கடைக்குள் நின்று எடுத்துக்கொண்ட படங்களே பிற்காலத்துக்கு மிகவும் பயன்படும்.

நம் குறை ஒன்றையும் மறைக்கலாகாது. தமிழர் படமெடுத்துக்கொள்ளாதவர் அல்லர். கடல் கடந்து வந்தவர்கள் கையில் காசு சேர்ந்ததும் முதலிற் சென்ற இடங்களுள் ஒன்று படக்கூடம். அங்கே திரையில் எழுதிய மாளிகையும் பூங்காவும் பின்னே இருக்க, முக்காலியில் கைவைத்து நின்று எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பினர். தமிழகத்துப் படக்கூடங்களின் பழைய படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு திரட்டி மின்வடிவில் காத்து வைத்திருக்கின்றனர். மிக நல்ல முயற்சி. ஆனால் அத்தகைய படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் எழுதிய திரையை. மளிகைக் கடைக்காரர் தம் மளிகைக் கடையில் நின்று படமெடுத்துக்கொள்ள நாணினார். அழுக்கு வேட்டியும் எண்ணெய்ப் பீப்பாயும் ஊரார் கண்ணில் படவேண்டாமென்று எண்ணினார் போலும். விளைவாக, நம்மிடம் ஒருபுறம் கடையில்லா முகங்கள் இருக்கின்றன. மரபுரிமை ஆர்வலரிடம் மறுபுறம் முகமில்லாக் கடைகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத் தைக்கும் நூல் எங்கே?

ஒரு நூல் பழைய பத்திரிகை விளம்பரங்களில் கிடைக்கும் என்று கருதுகிறேன். 1924இல் தொடங்கி 2019 வரை நடந்த ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்களின் தீபாவளி, பொங்கல் பதிப்புகளைப் புரட்டிப் பார்ப்போர்க்குத் தெரியும்: சிறு ஊர்க் கடைக்காரர்களும் கால்பக்கம், அரைக்கால்பக்கம் என்று வாங்கி வாழ்த்துச் சொல்வது வழக்கம். கடைப் பெயர், தெருப் பெயர், எண், விற்கும் சரக்கு எல்லாம் அச்சிற் கிடக்கின்றன. கடைகள் வாடிக்கையாளர்க்குக் கொடுத்த நாட்காட்டிகளும் அப்படியே. அந்த முகவரியை எடுத்துக்கொண்டு போய் இன்றுள்ள கட்டடத்தைப் படமெடுத்தால், அப்படம் பத்து மடங்கு பொருள் பெறும். இவ்வேலைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நூலகத்தில் உட்காரும் பொறுமை வேண்டும். கல்லூரி மாணவர் இருவர் மூவர் சேர்ந்தால் ஒரு மாவட்டத்தை முடிக்கலாம்.

முகப்புப் படமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். கட்டடத்தைக் காக்கப் போராடுவோர்க்கு முகப்பின் அளவும் வேலைப்பாடும் தெரிந்தாகவேண்டும். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டத்தின் கீழ் ஒன்றைக் காக்கச் சொல்லிக் கேட்பதற்கும் படம் வேண்டும். ஆனால் ஆயர் ஈத்தாம், சிம்பாங் ரெங்கம், லாபிஸ் போன்ற ஊர்களின் கடைவரிசைகள் முழுவதும் அப்படிக் காக்கப்படும் என்று எதிர்பார்ப்பது பேராசை. கல்லும் சுண்ணாம்பும் ஒருநாள் போகத்தான் போகும். யார், எந்த ஆண்டு, என்ன விற்றார் என்பதையாவது போகவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்குத் தமிழர் கடைகள் முந்திக்கொள்ள வேண்டியவை. சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, தோட்டத்து மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபின், சம்பள நாளில் நிறைந்து வழிந்த கடைகளுக்கு வாடிக்கையாளர் குறைந்தனர். கட்டடம் நிற்கும்போதே கடை போய்விடுகிறது. கட்டடத்துக்காகக் காத்திருப்போர் கடையைத் தவறவிடுவர்.

கடைக்காரர்கள் படமெடுக்க இசைவதில்லை என்று சிலர் குறை கூறுவதைக் கேட்டிருக்கிறேன். ஏன் இசையவேண்டும்? நகராண்மை அதிகாரியோ வரி அதிகாரியோ என்ற ஐயம் அவருக்கு இருக்கலாம். முன்பு வந்தவர் எடுத்த படத்தை அவர் கண்ணிலேயே காட்டாமல் போயிருக்கலாம். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு உள்ளே நுழைந்து, ஒன்றும் வாங்காமல், அவருடைய முடிதிருத்தும் நாற்காலியை மட்டும் பத்துக் கோணத்தில் எடுத்துக்கொண்டு போகிறவரை அவர் வரவேற்கவேண்டும் என்பது என்ன நியாயம்? ஒரு தேநீர் குடித்து, பெயர் சொல்லி, ஊர் கேட்டு, எடுத்த படத்தில் ஒரு படி அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுப்பவருக்குப் பெட்டியிலிருந்து பழைய படங்களும் வெளிவரும். கடைத் திறப்பு விழாவன்று வாழைமரம் கட்டி எடுத்த படம், தந்தையார் கல்லாவில் அமர்ந்திருக்கும் படம் போன்றவை பெரும்பாலும் அத்தகைய பெட்டிகளில்தான் இருக்கின்றன.

ஆயர் ஈத்தாமில் இவ்வேலையைத் தொடங்க விரும்புவோர் சாலையின் மறுபுறத்தில் நில்லாமல் ஐந்தடிக்குள் வருவது நல்லது. அங்கிருந்து நீளவாட்டில் பார்த்தால் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒவ்வொரு கடையும் தன் சரக்கில் எவ்வளவை வெளியே தள்ளி வைத்திருக்கிறது என்பதும் தெரியும். தூண்களின் உட்பக்கத்தை எதிர்வரிசையிலிருந்து எடுப்போர் பார்ப்பதேயில்லை. வெள்ளையடிப்பவரும் பல சமயங்களில் அதனை விட்டுவிடுவதால் பழைய எழுத்துகள் அங்கேதான் தப்பிப் பிழைக்கும்: சீனம், ஜாவி, சில இடங்களில் தமிழ். அதனை நெருங்கி எடுத்து, கடை எண்ணையும் நாளையும் பின்புறம் எழுதி வைக்கவேண்டும். அடுத்த ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம் மீண்டும் அதே தூணுக்கு வரவேண்டும். கடைக்காரர் மாறியிருந்தால், பழைய படத்தைப் புதியவரிடம் காட்டி, முன்னவர் எங்கே போனார் என்று கேட்கலாம்.